திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் ஏன் வாடுகிறது?

கைபேசித் திரையில் கண்ணைப் பறித்த ஒரு புகைப்படம், வீட்டுப் பிரின்டரிலிருந்து தாளாக வெளிவரும்போது இருண்டு, சோபையிழந்து, நிறம் திரிந்து நிற்பதைக் கண்டு மனம் வாடாதவர்கள் இக்காலத்தில் மிகச் சிலரே. முகத்தில் மலர்ச்சி இருந்த இடத்தில் மண் நிறம் படிந்திருக்கும். நீலம் இருந்த இடத்தில் ஊதா ஓடியிருக்கும். நுண்ணிய கோடுகள் இருந்த இடத்தில் ஒரு மங்கலான பூச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். உடனே மை மட்டம் என்றோ, பிரின்டர் பழுது என்றோ தீர்மானித்து, கையில் அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் நகர்த்தி, மறுபடியும் மறுபடியும் அச்சிட்டு, விலையுயர்ந்த தாளையும் மையையும் வீணாக்கிய பின்னர், வீட்டில் நல்ல படம் அச்சிடவே முடியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பிரின்டர் பெரும்பாலும் தனக்கு இடப்பட்ட ஆணையைப் பிசகில்லாமல் நிறைவேற்றியே இருக்கிறது. கோப்பு ஒன்று, அதிலுள்ள எண்கள் ஒன்று, ஆயினும் படங்கள் இரண்டாகிவிடுகின்றன. இது எப்படி நேர்கிறது?

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு படத்தை நம்முன் வைத்துக்கொள்வோம். தாத்தாவின் சதாபிஷேகத்தன்று காலை, தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டியைப் பேரன் தன் கைபேசியில் எடுத்த படம் அது. காஞ்சிபுரத்து முத்து செட்டியார் நெய்துகொடுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் எம்.எஸ். நீலம் என்றே நிலைத்துவிட்ட நிறத்தில் ஒரு பட்டுப்புடைவை; கை அகலத்துக்குச் சரிகைக் கரை; கூந்தலில் மல்லிகை; நெற்றியில் குங்குமம்; பின்னால் இருண்டு கிடக்கும் கதவு. வெண்மை, கருமை, தோலின் நிறம், ஆழ்ந்த நீலம், நூலிழை நுணுக்கம் ஆகிய ஐந்து சோதனைகளும் இந்த ஒரு படத்திலேயே அடங்கியிருக்கின்றன. இதை ஏ4 அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது பேரனின் ஆசை.

சேரும் ஒளி, கழியும் ஒளி

நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் நம் கண்ணில் மூன்று வகைப்பட்டவை. ஆகையால் மூன்று வகை ஒளிகளைத் தக்க அளவில் கலந்து கண்ணுக்கு அளித்தால், பெரும்பாலான நிறங்களை உண்டாக்கிவிடலாம். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதைப் பிரத்தியட்சமாகவே காட்டினார். கட்டம் போட்ட ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, அம்மூன்று படங்களையும் அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது, ரிப்பன் தன் வர்ணங்களோடு தோன்றிற்று. அக்காலத்து ரசாயனத் தகடுகள் சிவப்பொளியை உணரும் சக்தியே அற்றவை. ரிப்பனின் சிவப்புப் பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் சேர்த்து எதிரொளித்ததனாலேயே அந்தச் சோதனை பலித்தது என்பதை நூறாண்டு கழித்து ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். தற்செயல் கைகொடுத்ததே ஒழிய, தத்துவத்தில் பிழையில்லை. இன்று நம் கைபேசித் திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும், அதாவது பிக்சலும், அந்த மூன்று ஒளிகளையே ஒளிரவிட்டுக்கொண்டிருக்கிறது.

தாளின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. ஜன்னலிலிருந்தும் விளக்கிலிருந்தும் வந்து விழும் வெள்ளொளியில், மை தின்றது போக எஞ்சியதை மட்டுமே அது நமக்குத் திருப்பியனுப்புகிறது. ஆகவே அச்சுக்கு வேண்டியவை ஒளியைச் சேர்க்கும் நிறங்கள் அல்ல, கழிக்கும் நிறங்கள். சிவப்பொளியைத் தின்பது சயான் என்னும் பசுநீல மை. பச்சையொளியைத் தின்பது மஜெண்டா என்னும் செவ்வூதா மை. நீல ஒளியைத் தின்பது மஞ்சள் மை. பிரெஞ்சுக்காரரான லூயி துகோ து ஓரோன் 1869-இல் வெளியிட்ட முறையும் இந்தக் கழித்தல்தான். நம் பிரின்டரின் மைத் தொட்டிகளில் இருப்பவையும் அதே மூன்று மைகளும், துணைக்கு ஒரு கருப்பும்தான்.

எம்.எஸ். நீலத்தின் சங்கடம்

ஏட்டுக் கணக்கின்படி, சயானையும் மஜெண்டாவையும் ஒன்றாகப் பூசினால் சிவப்பும் பச்சையும் கழிந்து, தூய நீலம் எஞ்ச வேண்டும். மைகள் அவ்வளவு ஒழுங்குள்ளவையாக இருந்திருந்தால் அச்சுத்தொழிலின் பாதித் துயரம் பிறந்தே இராது. மெய்யான மஜெண்டா, தான் தின்ன வேண்டிய பச்சையோடு நிற்காமல், நீல ஒளியிலும் கணிசமான பங்கை விழுங்கிவிடுகிறது. சயானும் தன் பங்குக்குப் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டும் சேரும் இடத்தில், எஞ்ச வேண்டிய நீலத்திலேயே பற்றாக்குறை ஏற்பட்டு, புடைவை இருண்டும் ஊதாவை நோக்கிச் சாய்ந்தும் போகிறது. குங்குமத்துக்கும் சரிகைக்கும் தோலுக்கும் இந்த அளவு இடர்ப்பாடு இல்லை. மஞ்சளும் மஜெண்டாவும் சேர்ந்த கூட்டணி அவற்றை ஓரளவு நன்றாகவே உண்டாக்கிவிடும். ஆழ்ந்த நீலமும் ஒளிமிக்க பச்சையுமே நம் சோதனைக்களங்கள்.

ஒரு கருவியால் உண்டாக்கக்கூடிய நிறங்கள் அனைத்தையும் சேர்த்து அதன் வர்ண எல்லை என்று அழைப்போம். திரைக்கு ஒரு வர்ண எல்லை, பிரின்டருக்கு ஒரு வர்ண எல்லை. இரண்டும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் முழுவதும் பொருந்துவதில்லை. திரையால் காட்ட முடியாத சில பசுநீலங்களைப் பிரின்டர் காட்டிவிடும், திரையில் ஜொலிக்கும் பல நீலங்களைப் பிரின்டர் எட்டவே முடியாது. பாட்டியின் புடைவையில் வெயில் பட்டு மின்னும் முழங்கால் மடிப்புகள் அந்த எட்டாத பிரதேசத்தில் இருக்கின்றன. எந்த மையை மாற்றினாலும், எந்தப் பொத்தானைத் திருகினாலும், அந்த மின்னலை அப்படியே தாளில் இறக்க இயலாது. இதை மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டவருக்கே அடுத்த கேள்வி எழுகிறது: எட்டாத நிறத்துக்குப் பதிலாக எதை வைப்பது?

வெண்மைக்கும் கருமைக்கும் இடையே

நிறத்துக்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் "படம் இருட்டாக வந்துவிட்டது" என்பதே வீட்டில் அச்சிடுகிறவர்களின் முதற் புகார். நன்றாக விளக்கேற்றிய ஒரு கூடத்தில் தாளின்மேல் விழும் ஒளி 300 லக்ஸ் என்று கொள்வோம். தாள் அதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பியனுப்பினாலும், அதன் வெண்மையின் பிரகாசம் சுமார் 85 நிட் அளவுதான். கடையிலிருந்து வந்தபடியே வைத்திருக்கும் கணினித் திரையோ சாதாரணமாக 250 அல்லது 300 நிட் பிரகாசத்தில் எரிகிறது. கைபேசித் திரை அதையும் தாண்டும். மூன்று மடங்கு ஒளியில் பார்த்துத் திருத்திய படத்தை மூன்றில் ஒரு பங்கு ஒளியில் பார்த்தால் அது இருண்டு தோன்றாமல் வேறு எப்படித் தோன்றும்?

ஆகையால் பிரின்டரைத் தொடுவதற்கு முன் திரையைத் தாழ்த்த வேண்டும். அச்சுக்காகப் படம் திருத்துகிறவர்கள் திரையின் வெண்மையை 80-க்கும் 120-க்கும் இடைப்பட்ட நிட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அளவுக் கருவி இல்லாதவர், திரையில் எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, அச்சிடப்போகும் தாளை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒத்த வெண்மையாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறைத்தாலே போதும். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும், நிறங்களை மிகைப்படுத்தும் 'விவிட்' அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். பொருட்செலவில்லாத இந்த ஒரு காரியம், புது மை வாங்குவதைக் காட்டிலும் அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கருமையிலும் இதே கதைதான். நல்ல திரையில் வெண்மை கருமையைப்போல் ஆயிரம் மடங்கு ஒளியுடையது. பளபளப்பான புகைப்படத் தாளில் அந்த விகிதம் இருநூறுக்குள் அடங்கிவிடுகிறது; மாட் தாளில் நாற்பதைச் சுற்றி நிற்கிறது; எழுதும் தாளில் இன்னும் சுருங்கிவிடுகிறது. பாட்டிக்குப் பின்னால் இருக்கும் கதவில், திரையில் தெரிந்த தாழ்ப்பாளும் மரத்தின் வரிகளும் தாளில் ஒரே கருந்திட்டாகிவிடுவது இதனால்தான். நிழற்பகுதிகளை மட்டும் சற்றுத் தூக்கிவிட்டு அச்சிட்டால் அவை மீண்டுவிடும். படம் முழுவதையும் வெளுக்கச் செய்தாலோ, மல்லிகையின் இதழ்கள் வெறும் தாளாகிவிடும்.

எண் நிறமாகும் விதம்

டிஜிட்டல் படத்தில் நிறம் கிடையாது, எண்களே உண்டு. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இப்படி எழுதக்கூடிய சேர்க்கைகள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல். ஆயினும் "நீலம் 170" என்ற எண்ணுக்குத் தன்னளவில் அர்த்தம் ஒன்றுமில்லை. ஒரு திரை அதை ஒருவிதமாகவும், மற்றொரு திரை வேறுவிதமாகவும், பிரின்டர் முற்றிலும் மூன்றாவது விதமாகவும் நிறைவேற்றலாம். எந்த அளவுகோலில் அந்த எண் எழுதப்பட்டது என்ற செய்தியும் கூடவே வந்தால்தான் எண் நிறமாகும்.

மனிதக் கண் நிறத்தை உணரும் விதத்தையே அளவுகோலாக்கி, 1931-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஒரு பொது வரைபடத்தை வகுத்தது. அந்த அஸ்திவாரத்தின்மேல் 1996-இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவுகோலை முன்வைத்தன. 1993-இல் அமைந்த ஐசிசி என்ற சர்வதேச வர்ணக் கூட்டமைப்போ, ஒவ்வொரு கருவியும் தன் எண்களுக்கு எந்த நிறத்தை உண்டாக்குகிறது என்பதை அளந்தெழுதி வைக்கும் ஒரு சிறு கோப்புக்கு இலக்கணம் வகுத்தது. கலர் புரொஃபைல் என்று வழங்கும் அந்தக் கோப்பை நாம் வர்ணக் குறிப்பு என்று சொல்லலாம். பிரின்டருக்கு ஒரே வர்ணக் குறிப்பு என்று நினைப்பது தவறு. இன்ன பிரின்டர், இன்ன மை, இன்ன தாள் என்ற மூன்றும் சேர்ந்த சேர்க்கைக்கே ஒரு குறிப்பு. தாள் மாறினால் குறிப்பும் மாறும். மூல மையை நீக்கிவிட்டு மலிவான வேற்று மையை ஊற்றிக்கொண்டவர், பழைய குறிப்பை நம்பி அச்சிட்டுவிட்டு நிறம் திரிகிறதே என்று வருந்துவதில் நியாயமில்லை.

எண்களைத் தாளின் நிறங்களுக்கு மாற்றும் இந்த வேலையைப் படம் திருத்தும் மென்பொருளும் செய்யும், பிரின்டரை இயக்குவதற்கென்று கணினியில் இருக்கும் பிரின்டர் டிரைவரும் செய்யும். இரண்டையும் ஒருங்கே செய்யவிட்டால், மாமியார் ஒரு முறையும் மருமகள் ஒரு முறையும் உப்புப் போட்ட குழம்பின் கதி படத்துக்கும் நேர்கிறது. ஏற்கெனவே திருத்திய நிறம் மறுபடியும் திருத்தப்பட்டு, முகங்கள் செம்மையோடி, நிழல்கள் கனத்துவிடுகின்றன. ஆகவே இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மென்பொருளில் தாளுக்குரிய வர்ணக் குறிப்பைச் சுட்டிக்காட்டி அச்சிடுவதானால், டிரைவரின் நிறத்திருத்தத்தை முழுவதும் அணைத்துவிட வேண்டும். அது சிரமம் என்று தோன்றினால், படத்தை எஸ்ஆர்ஜிபியில் சேமித்து, மென்பொருளில் எதையும் தொடாமல், டிரைவரிடம் தாளின் வகையை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு நிறப்பொறுப்பு முழுவதையும் அதனிடமே ஒப்படைக்கலாம். பிரின்டர் கம்பெனியின் தாளையும் மையையுமே உபயோகிக்கும் இல்லங்களுக்கு இந்த இரண்டாவது வழி போதுமானது என்றே சொல்வேன்.

முதல் வழியில் செல்கிறவருக்கு ஒரு விசேஷ அனுகூலம் உண்டு. எட்டாத நிறங்களை என்ன செய்வது என்று அவரே தீர்மானிக்கலாம். மென்பொருள் அதற்கு முக்கியமாக இரண்டு மார்க்கங்களைக் காட்டும். 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' என்ற மார்க்கம், எல்லைக்குள் இருக்கும் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, எல்லைக்கு வெளியே இருப்பவற்றை மட்டும் இழுத்து எல்லைக் கோட்டின்மேல் நிறுத்துகிறது. முகமும் மல்லிகையும் குங்குமமும் உள்ளபடியே இருக்கும். ஆனால் பட்டின் வெயில் பட்ட மடிப்பு ஒரு நீலம், அதன் பக்கத்துச் சரிவு வேறொரு நீலம், அதற்கும் அடுத்தது மற்றொரு நீலம் என்று திரையில் படிப்படியாக இருந்தவை அனைத்தும் ஒரே எல்லைப் புள்ளியில் வந்து குவிந்துவிடுவதால், துணி துணியாகத் தோன்றாமல் வெட்டி ஒட்டிய நீலக் காகிதமாகத் தட்டையாகிவிடும். 'பெர்செப்சுவல்' என்ற மற்ற மார்க்கமோ, எல்லா நிறங்களையும் ஒன்றாகச் சுருக்கி எல்லைக்குள் அமர்த்துகிறது. இதில் எந்த நிறமும் முற்றிலும் பழையபடி இராது. முகம்கூட இம்மியளவு அடங்கியே தோன்றும். ஆனால் ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் இடையிலிருந்த வேற்றுமை காப்பாற்றப்படுகிறது. மடிப்புகள் மீண்டும் மடிப்புகளாகின்றன. கண் தனி நிறத்தைக் காட்டிலும் நிறங்களுக்கிடையேயுள்ள உறவையே கூர்ந்து கவனிக்கும் இயல்புடையது. ஆதலால் பாட்டியின் படத்துக்கு இரண்டாவது மார்க்கமே பொருந்தும். எல்லை மீறும் நிறமே இல்லாத ஒரு படத்துக்கு, உதாரணமாகப் பழைய சுவரோரம் நிற்கும் ஒரு முதியவரின் முகத்துக்கு, முதல் மார்க்கம் சிறந்தது.

துளியும் தாளும்

வீட்டுப் பிரின்டரின் மைத்துளியை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் வியப்பே மேலிடுகிறது. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு பிக்கோ லிட்டர். நல்ல பிரின்டரின் சிறு துளி அதைப்போல் இரண்டு மடங்கு. பறக்கும்போது அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் பதினாறு பங்குக்கும் குறைவு. தலைமயிரின் கனத்தில் நாலில் ஒன்றும் இராது. சில பிரின்டர்கள் மையை ஒரு கணம் கொதிக்கவைத்து, அந்தக் குமிழியின் விசையால் துளியை எறிகின்றன. மற்றவை மின்சாரம் பாய்ந்தால் வளையும் படிகத் தகட்டால் அதை உந்தித் தள்ளுகின்றன.

இவ்வளவு நுண்ணிய துளியும் ஒரு குறையோடு பிறந்தது. வெளிர்நீலம் என்றொரு மை சாதாரணப் பிரின்டரில் இல்லாமையால், துளி விழும் அல்லது விழாது. பாதி நீலம் விழ இயலாது. ஆகவே வெளிர்நிறம் வேண்டிய இடத்தில் துளிகளை இடைவெளிவிட்டுத் தூவ வேண்டும். எங்கே தூவுவது என்பதில்தான் கலை இருக்கிறது. ஒழுங்காகத் தூவினால் கண் அந்த ஒழுங்கையே ஒரு கட்டமாகக் கண்டுபிடித்துவிடும். ஒரு புள்ளியில் ஏற்பட்ட மிகையையோ குறையையோ அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கிட்டு ஈடுகட்டும் முறையை 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பர்க்கும் வெளியிட்டார்கள். அதன் வழித்தோன்றல்கள் இன்றும் அச்சுலகில் வழங்குகின்றன. பெட்டியின்மேல் 5760-க்கு 1440 டிபிஐ என்று அச்சிட்டிருப்பது இந்தத் துளி விழக்கூடிய இடங்களின் கணக்கே தவிர, படப்புள்ளிகளின் கணக்கன்று. அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வீதம் அச்சிட்டால், ஒரு படப்புள்ளிக்கு ஏறத்தாழத் தொண்ணூறு துளியிடங்கள் கிடைக்கின்றன. அந்தத் தொண்ணூறில் எத்தனை நிரம்புகிறது, எந்த மையால் நிரம்புகிறது என்பதிலிருந்தே நிறபேதங்கள் பிறக்கின்றன.

துளி விழுந்த பிறகு அதன் விதி தாளின் கையில் இருக்கிறது. எழுதும் தாளில் அது நார்களின் வழியே கசிந்து பரவுகிறது. அண்டைத் துளியோடு கலக்கிறது. மை உள்ளே இறங்கிவிடுவதால் நிறமும் சோர்கிறது. புகைப்படத் தாளின் மேற்பூச்சோ நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா அல்லது அலுமினாவால் ஆனது. விழுந்த இடத்திலேயே திரவத்தை உறிஞ்சி, நிறத்தை மேற்பரப்புக்கு அருகிலேயே நிறுத்திக்கொள்கிறது. எவ்வளவு மை ஊற்றலாம் என்பது தாளுக்குத் தாள் மாறுவதால், டிரைவரில் தாளின் வகையைத் தவறாகக் குறிப்பிடுவது பெரும்பிழையாகும். பல வீட்டுப் பிரின்டர்களில் கருப்பு மட்டும் நுண்பொடி கலந்த பிக்மென்ட் மை. அது பளபளப்புத் தாளில் பிடிக்காது. பளபளப்புத் தாள் என்று சொல்லிவிட்டால், டிரைவர் அந்தக் கருப்பை ஒதுக்கிவைத்து, மற்ற மூன்று மைகளாலேயே கருமையை உண்டாக்கிக்கொள்ளும். சாதாரணத் தாள் என்று சொல்லிவிட்டால், பாட்டியின் பின்னாலிருக்கும் கதவு விரல் பட்டதும் அப்பிக்கொண்டு வரும்.

கூர்மை எங்கே இருக்கிறது?

பேரனின் கைபேசி எடுத்த படம் 4000-க்கு 3000 படப்புள்ளிகள் கொண்டது. ஏ4 தாளின் நீளம் 11.69 அங்குலம், ஆகவே அங்குலத்துக்கு 342 படப்புள்ளிகள் கிடைக்கின்றன. இது போதுமா? கூரிய பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் பிரிந்து நிற்கும் இரண்டு கோடுகளை வேறுபடுத்திக் காணவல்லது. படத்தைக் கையில் எடுத்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் பார்த்தால், அந்தக் கோணம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் 8.7 பங்கு ஆகிறது. அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் ஒரு படப்புள்ளியின் அகலம் நூறில் 8.5 பங்கு. அச்சுத்தொழிலாளர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் 300 என்ற எண் கண்ணின் அளவிலிருந்தே பிறந்தது என்பது இதனால் விளங்கும். சுவரில் மாட்டி ஆறடி தூரத்திலிருந்து பார்ப்பதற்கோ அதில் கால்பங்குகூட வேண்டியதில்லை.

அதே படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி, நீளவாட்டில் 1600 படப்புள்ளிகளாகக் குறுகி வந்திருந்தால், ஏ4 தாளில் அங்குலத்துக்கு 137-தான் மிஞ்சும். சரிகைக் கரையின் நுண்ணிய கோடுகள் அப்போது உடைந்து, மஞ்சள் பூசிய பட்டையாகிவிடும். இல்லாத நுணுக்கத்தைக் கணினியில் பெரிதாக்கி வரவழைக்க முயல்வதைவிட, எடுத்தவரிடமே கேட்டு மூலக் கோப்பை 'டாக்குமென்ட்' ஆக வாங்கிக்கொள்வதே உசிதம்.

புள்ளிகள் போதுமான அளவு இருந்தும் படம் மந்தமாகத் தோன்றுவது உண்டு. காமிராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த அந்த அமைப்பில், விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்தே நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தில் விளிம்புகள் சற்று மழுங்குகின்றன. மைத்துளி பரவும்போது இன்னும் கொஞ்சம் மழுங்குகின்றன. இதை ஈடுசெய்யவே கூர்மையூட்டல் ஏற்பட்டது. ஓர் இருண்ட பகுதியும் ஓர் ஒளிர்ந்த பகுதியும் சந்திக்கும் கோட்டில், இருட்டின் ஓரத்தை இன்னும் இருட்டாகவும் வெளிச்சத்தின் ஓரத்தை இன்னும் வெளிச்சமாகவும் நம் கண்ணே மிகைப்படுத்திக் காண்கிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் எடுத்துக்காட்டினார். கண் செய்யும் அந்த மிகையை நாம் படத்திலும் சிறிதளவு செய்துகொடுத்தால், விளிம்பு கூர்மையாகத் தோன்றுகிறது. மென்பொருளில் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்றிருப்பது இதுவே; மங்கலாக்கிய பிரதி ஒன்றை மூலப்படத்தின் ஃபிலிமோடு சேர்த்துவைத்து, இருட்டறையில் புகைப்படக்காரர்கள் கையாண்ட பழைய வித்தை அது.

முதலில் படத்தை அச்சிடப்போகும் அளவுக்குக் கொண்டுவந்து, மற்றத் திருத்தங்களையெல்லாம் முடித்துவிட்டு, கடைசிக் காரியமாகவே இதைச் செய்ய வேண்டும். ஓரத்து மிகையின் அகலம் ஒரு படப்புள்ளிக்கு மேற்படலாகாது. படப்புள்ளியோ கண்ணின் எல்லைக்குச் சமம் என்று கண்டோம் ஆதலால், அதற்கு மேற்பட்டால் கூர்மையாகத் தோன்றாமல் ஒரு வெள்ளைக் கோடாகவே தோன்றிவிடும். மை சிறிது மழுக்கும் என்பதனால், திரையில் ஒரு கடுகளவு அதிகம் என்று படும் கூர்மை தாளில் சரியாக அமையும். சரிகைக் கரைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் இதைத் தாராளமாகத் தரலாம். பாட்டியின் முகத்தை விட்டுவிட வேண்டும். எண்பதை நெருங்கும் கன்னத்தின் சுருக்கங்களுக்குத் தங்களுக்கென்று ஒரு மென்மை உண்டு, அதைக் கம்பிக்கோடுகளாக்குவது அநியாயம்.

துண்டுச் சோதனை

அச்சிடும் நாளில் முதற்காரியம், டிரைவரில் உள்ள நாசில் செக் என்ற பரிசோதனையை ஒரு சாதாரணத் தாளில் எடுத்துப் பார்ப்பது. பல நாள் ஓய்ந்திருந்த பிரின்டரில் சில துவாரங்கள் காய்ந்து அடைபட்டிருக்கும். மஜெண்டாவில் இரண்டு கோடுகள் விடுபட்டிருந்தால், முகம் பச்சை பாய்ந்து வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஹெட் கிளீனிங் ஒரு முறை கொடுத்து மறுபடியும் பார்க்கலாம். ஓயாமல் கொடுப்பது மைக்குச் சேதம்.

பிறகு, முழுத் தாளை வீணாக்காமல், படத்திலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை, கன்னமும் மல்லிகையும் பட்டும் சரிகையும் கதவின் இருளும் அதில் வரும்படி வெட்டியெடுத்து, இறுதி அளவிலேயே, இறுதித் தாளிலேயே அச்சிட வேண்டும். இருட்டறைக் காலத்துப் புகைப்படக்காரர்கள் ஒருபோதும் கைவிடாத வழக்கம் இது. மை காயும்போது நிறம் சற்று மாறுமாதலால், கால்மணி நேரமாவது காத்திருந்து, பகலில் ஜன்னலோரம் எடுத்துச்சென்று பார்க்க வேண்டும். இரண்டு நிறங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் மற்றொரு விளக்கில் வேறாகவும் தோன்றக்கூடும். மலிவான எல்இடி விளக்கில் சிவப்பொளி குறைவாக இருப்பதால் தோலின் நிறம் அங்கே வெளிறும். படத்தைக் கூடத்து விளக்கொளியில்தான் எப்போதும் பார்க்கப்போகிறோம் என்றால், அந்த ஒளியிலும் ஒருமுறை பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நம் படத்தின் முதல் துண்டில், திரையைத் தாழ்த்தி வைத்துத் திருத்தியிருந்ததால் முகம் நன்றாகவே வந்திருக்கும். பட்டு மட்டும் ஊதாவை நோக்கிச் சாய்ந்திருக்கும். இதற்காகப் படம் முழுவதிலும் மஜெண்டாவைக் குறைத்தால் முகம் வெளிறிப் பச்சையாகும். ஆகையால் மென்பொருளில் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் சாயலைப் பசுநீலத்தின் பக்கம் சிறிது நகர்த்தி, அதன் செறிவையும் ஒரு படி தாழ்த்த வேண்டும். செறிவைக் குறைத்தால் நிறம் கெடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லைக்கு வெளியே நின்று ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த நீலங்கள் உள்ளே வந்ததும் தங்களுக்குள் விலகி நிற்கின்றன; மடிப்புக்கு மடிப்பு வேறுபாடு தெரிகிறது; பட்டுக்கு மினுமினுப்பைத் தருவது அந்த வேறுபாடே ஆதலால், செறிவு குறைந்த நீலம் தாளில் அதிக நீலமாகவே தோன்றுகிறது. இரண்டாம் துண்டில் இது கண்கூடாகத் தெரிந்துவிடும். இன்னும் ஊதா மிஞ்சியிருந்தால் இன்னொரு துண்டு; ஒரு துண்டுக்கு ஒரு திருத்தம் என்பதே நியதி. இரண்டு திருத்தங்களை ஒன்றாகச் செய்தவர், எது குணப்படுத்தியது எது கெடுத்தது என்று ஒருபோதும் அறியமாட்டார். திருத்தங்களைத் துண்டின் பின்புறத்திலேயே பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த பட்டுப்புடைவைப் படத்துக்கு அதுவே வழிகாட்டி.

உலர்ந்த பின்

முழுப்படம் வெளிவந்ததும் சட்டத்துக்குள் அடைக்கும் அவசரம் எழும். மையோடு கலந்துள்ள, எளிதில் ஆவியாகாத திரவங்கள் தாளைவிட்டு நீங்க ஒரு நாளாவது ஆகும். அதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் அடைத்தால், சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறத்தில் பனிமூட்டம் படியும். ஒரு நாள் திறந்த தட்டில், மேலே வெற்றுத் தாள் ஒன்றை மூடி, அது சுருங்கினால் மாற்றி, உலரவிட வேண்டும். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிச் சட்டக்காரரிடம் கேட்பது அவசியம். டை என்னும் கரைசல் மையால் அச்சிட்ட படத்தை வெயிலோடு காற்றிலுள்ள ஓசோனும் வெளுக்கச் செய்யும். கண்ணாடி பின்னதைத் தடுக்கும், முன்னதை ஓரளவே தடுக்கும். ஆகவே மேற்கு வெயில் விழும் சுவரைத் தவிர்த்து, ஜன்னலுக்கு எதிரில் அன்றி ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஆணி அடிக்கலாம். திருத்திய கோப்பை, எந்தத் தாள், எந்த அமைப்பு என்ற குறிப்போடு தனியே சேமித்து வைத்தால், ஆண்டுகள் சென்று நிறம் மங்கும் காலத்தில் வீட்டிலுள்ள எவரும் மற்றொரு பிரதி எடுத்துக்கொள்ள முடியும்.